வெடித்த பருத்தியில் பிசுபிசுப்பு: குடியாத்தம் நண்பருக்கு

ஐயா, குடியாத்தம் பக்கம் தாங்கள் பயிரிட்ட பருத்தியில் இலைகள் சுருண்டு பளபளப்பதாகவும், வெடித்த காய்களில் பஞ்சு கையில் ஒட்டுவதாகவும், பூச்சிமருந்தை இருமுறை அடித்தும் குறையவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இலையின் அடிப்பக்கம் சிறு பூச்சிகள் கும்பலாக இருப்பதாகச் சொல்வதால், அது அசுவினியாகவே இருக்க வேண்டும்.

அசுவினி சாற்றை உறிஞ்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவு பஞ்சின்மேல் விழுந்து, அதில் கரும்பூசணம் படர்ந்து வெண்மையைக் கெடுக்கிறது. அந்தச் சர்க்கரை, பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் அரவையில் நீங்காமல், நூற்பாலையின் உருளைகளில் ஒட்டி நூலை அறுக்கும் என்பதால்தான் வியாபாரி விலையைக் குறைக்கிறார். ஆகவே காய் வெடிக்கும் இந்தப் பருவமே மிகவும் கவலைக்குரியது.

தாங்கள் அடித்தது செயற்கைப் பைரித்ராய்டு வகை என்றால், தயவுசெய்து உடனே நிறுத்துங்கள்; அது அசுவினியைத் தின்னும் பொறிவண்டையும் கண்ணாடி இறக்கைப் பூச்சியையும் கொன்று அசுவினியைப் பெருகவிடும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டராக்கி, மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். யூரியா மேலுரம் இனி வேண்டாம். தழைச்சத்து மிகுந்த இளந்தளிரையே அசுவினி விரும்பும்.

வெடித்த பஞ்சை நாள் கடத்தாமல் எடுத்துவிடுங்கள். ஒட்டும் பஞ்சை நல்ல பஞ்சோடு ஒரே சாக்கில் கலந்தால் முழுச் சாக்கும் தரம் குறையும் என்பதால், தனியே வைப்பது மிக அவசியம்.

அடித்த மருந்தின் பெயரைத் தெரிவித்தால் மேற்கொண்டு எழுதுகிறேன்.