வாணவேடிக்கைக் குழுவினர் கேட்டவை: வெடிக்காத ஷெல் முதல் வண்டிச் சாவி வரை

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் பொது வாணவேடிக்கை நடத்தும் குழுக்களில் வேலை பார்ப்பவர்களுடையவை. பலரும் கேட்டதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பட்டனை அழுத்தியும் ஒரு ஷெல் (குழாயிலிருந்து மேலே போய் வெடிக்கும் வாணவெடி) கிளம்பவில்லை. எவ்வளவு நேரம் கழித்துக் கிட்டே போகலாம்?

மின்சாரத்தால் சுடும் காட்சி என்றால், கடைசி ஷெல் போன பிறகு குறைந்தது 15 நிமிடம். என் குழுவில் அரை மணி நேரம் காத்திருப்போம், யார் முணுமுணுத்தாலும் சரி. முதலில் ஃபயரிங் பேனலை, அதாவது சுடும் பட்டன்கள் உள்ள பெட்டியை, அணைத்து, சாவியை உருவிக் குழுத் தலைவர் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

காரணம் இதுதான். ஷெல்லைப் பற்றவைக்கும் வேகத் திரி காகிதக் குழலுக்குள் கண்ணிமைப்பதற்குள் ஓடிவிடும். ஆனால் எங்காவது ஈரமோ மடிப்போ இருந்தால், அதே திரி புகைகூடத் தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "அது செத்துப்போச்சு அண்ணா" என்று சொல்லி டார்ச்சோடு குழாயை நோக்கிக் கிளம்பினார். சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினேன். நான் திட்டி முடிப்பதற்குள் அந்த ஷெல் தானாகக் கிளம்பி மேலே போய் வெடித்தது. அன்றிலிருந்து எங்களிடம் ஒரே சட்டம்: குழாயின் வாய்க்கு மேலே தலையோ கையோ வரவே கூடாது, குழாய் காலி என்று தெரிந்திருந்தாலும் கூட. செல்போனை நீட்டி எட்டிப் பார்ப்பதும் இதில் சேர்த்திதான்.

கையால் கொளுத்தும் காட்சியில் சுடாத குழாய்க்கு அடையாளம் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். கடைசிவரை அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: தரையில் வெடிக்காமல் கிடக்கும் ஷெல்களைச் சேர்த்துவைத்து, பிரித்து மருந்தை எடுத்துவிட்டால் பாதுகாப்புதானே?

இல்லை. 2011 ஏப்ரலில் ஹவாயின் வைகேலேயில், கைப்பற்றப்பட்ட வாணவெடிகளை அழிக்கும் பணியில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் ஷெல்களைப் பிரித்துக் கருமருந்தைத் தனியாகச் சேர்த்துவைத்தார்கள். பிரித்த மருந்து ஓரிடத்தில் குவிந்தால், ஒரு சிறு உராய்வோ நிலைமின்சாரப் பொறியோ போதும். ஆகவே பிரிக்கவே வேண்டாம். சப்ளையர் சொல்லும் முறைப்படி அப்படியே திருப்பி ஒப்படையுங்கள் அல்லது அழிக்கச் சொல்லுங்கள்.

தேடுவதை இரவிலேயே ஒருமுறை செய்யுங்கள், விடிந்ததும் மறுபடியும் செய்யுங்கள். முதல் வெளிச்சத்தில் நீங்கள் போகாவிட்டால், உங்களுக்கு முன்னால் குழந்தைகள் போய்விடுவார்கள்.

கேள்வி: ரேக்குகளுக்கு (குழாய்களை வரிசையாக நிறுத்தும் சட்டங்கள்) இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தால் போதாதா?

எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை போதும். ஒரு ஷெல் குழாய்க்குள்ளேயே வெடித்தால் பக்கவாட்டில் வரும் உதையை மூட்டை மட்டும் தாங்காது. 2013 ஜூலை 4 அன்று கலிபோர்னியாவின் சிமி வேலியில் ஒரு ஷெல் முன்கூட்டியே வெடித்தது. ரேக்குகள் சாய்ந்து மற்ற ஷெல்கள் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்தன. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். ரேக்குகளை ஒன்றோடொன்று பலகையால் பிணைத்து, தரையில் முளையடித்து இறுக்குங்கள். ரேக் அகலவாட்டில்தான் சாயும், நீளவாட்டில் அல்ல. அதனால் அதன் நீளவாட்டம் கூட்டத்தை நோக்கிப் போகும்படி வையுங்கள். சாய்ந்தாலும் பக்கவாட்டில்தான் சாயும்.

குழாய்க்குப் பிவிசி பயன்படுத்தலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. அது கண்ணாடி மாதிரி சிதறும்.

கேள்வி: பார்வையாளர்களை எவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டும்?

அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் (என்எஃப்பிஏ) 1123 தரப்படி, ஷெல்லின் ஒரு அங்குல விட்டத்துக்கு 70 அடி. 6 அங்குல ஷெல் என்றால் 420 அடி. இது குறைந்தபட்சம்தான். காற்று கூட்டத்தின் பக்கம் வீசினால் இன்னும் தள்ளிவையுங்கள். காற்று திசை மாறி ஓயாமல் அடித்தால் காட்சியை நிறுத்துங்கள். நிறுத்தும் அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்கட்டும். ஏற்பாட்டாளர் வந்து கெஞ்சினாலும் அந்த ஆள் அசையக் கூடாது.

குழுவினருக்கு அந்தத் தூரப் பாதுகாப்பு கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு மறைப்பும் உடுப்பும்தான்.

கேள்வி: நைலான் ஜாக்கெட் போடலாமா?

உருகித் தோலில் ஒட்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் ஷூ, ஹெல்மெட், கண்ணாடி. காதுக்குக் கட்டாயம் பாதுகாப்பு வேண்டும். கிட்டத்தில் எழும் வெடிச்சத்தம் 140 டெசிபல் உச்சத்தைத் தாண்டிப் போகலாம். கெட்டுப்போன காது திரும்பாது.

கேள்வி: வயரிங் நேரத்தில் இடி இடித்தது. தொடரலாமா?

வேண்டாம். இ-மேட்ச் (மின்சாரம் பாய்ந்தால் தீப்பற்றும் சிறு பற்றவைப்பான்) பொருத்திய ஷெல்கள் இருக்கும் இடத்தை விட்டு எல்லோரும் வெளியேறுங்கள். இ-மேட்சின் தலை உராய்விலும் நிலைமின்சாரத்திலும் சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருள். வயரைப் பிடித்து இழுப்பது, தலையை நசுக்குவது எல்லாம் கூடாது. இணைக்கும்வரை வயர் முனைகள் இரண்டும் ஒன்றாக முறுக்கியே இருக்கட்டும். இணைப்புச் சோதனையை மிகக் குறைந்த மின்னோட்டத்தில் செய்யும், இதற்கென்றே உள்ள கருவியால்தான் செய்ய வேண்டும். அப்போது குழாய்கள் பக்கம் ஒருவர்கூட நிற்கக் கூடாது.

மழைக்குக் குழாய் வாய்களைப் பாலித்தீனால் மூடுங்கள். நமுத்துப்போன ஷெல்லைக் காயவைத்துச் சுடாதீர்கள். உந்துமருந்து வலுவிழந்து, தாழ்வாகவே வெடிக்கும்.

கேள்வி: விடிகாலை மூன்று மணிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். இதற்கும் விதி உண்டா?

எங்கள் குழுவில் உண்டு. சுடாத ஷெல்கள் பின்னால் இருக்க, முன்னால் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுநர். இதைவிட மோசமான சேர்க்கை எனக்குத் தெரியாது. ஒருவரை மதியமே தூங்க அனுப்பிவிடுவோம். ரேக் தூக்க அவரைக் கூப்பிடமாட்டோம், வண்டிச் சாவி அவரிடம்தான் இருக்கும்.