"ஏற்கெனவே ஊசி போட்டாச்சே, மறுபடி எதற்கு?"

கேள்வி: 2 வருடத்துக்கு முன் தெருநாய் கடித்து, அரசு மருத்துவமனையில் 4 தவணை ஊசியும் முழுசாகப் போட்டுக்கொண்டேன். போன ஞாயிறு பால் வாங்கப் போனபோது வேறொரு நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ரத்தம் வந்தது. மாமியார் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசினார். "ஏற்கெனவே ஊசி போட்டாச்சே, மறுபடி எதற்கு?" என்கிறார் கணவர். 7 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேன். என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, கடிதத்தின் கீழே கைபேசி எண் எழுதியிருந்தீர்களோ, பிழைத்தது. படித்த கையோடு கூப்பிட்டுவிட்டேன். அன்று மாலையே போய் ரேபிஸ் என்னும் வெறிநோய்க்கான தடுப்பூசி போட்டுக்கொண்டதாகச் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி. நாய்க்கடிக்குப் பத்திரிகைப் பதிலை எதிர்பார்த்து யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. இங்கே எழுதுவது உங்கள் வீட்டுக்காரரைப் போலவே நினைக்கும் மற்றவர்களுக்காக.

அவர் சொன்னதில் பாதி சரி. முன்பு முழுசாகப் போட்டவர்களுக்கு மறுபடி 4 தவணை தேவையில்லை, 2 போதும். போகிற அன்று ஒன்று, அதிலிருந்து 3 நாள் கழித்து ஒன்று. ஆனால் அந்த இரண்டும் கட்டாயம். முதல் தடவையே உடம்பு ரேபிஸ் கிருமியை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் நாளாக நாளாகக் குறையும், அடையாளம் மறக்காது. ஊசி அதைத் தட்டி எழுப்பினால் சில நாட்களிலேயே எதிர்ப்புப் பொருள் மளமளவென்று ஏறிவிடும். அதனால்தான், எதிர்ப்புப் பொருளைத் தயாராகவே உடம்புக்குக் கொடுக்கக் கடிவாயைச் சுற்றிப் போடும் சீரம் ஊசியும் இவர்களுக்கு வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் கதை வேறு. அவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முந்தைய தவணைகள் முடிந்து 3 மாதத்துக்குள் திரும்பக் கடித்தால் புண்ணைக் கழுவிப் பராமரித்தாலே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதையும் டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நாள் எண்ணி முடிவு செய்ய வேண்டாம்.

மாமியாரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் சுண்ணாம்பு தவறு. மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், பச்சிலை எல்லாமே தவறு. கடித்தவுடன் குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். துணி துவைக்கிற சோப்பானாலும் சரி. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். கால் மணி என்பது நாம் நினைப்பதைவிட நீளம். ஊசி போட்டவர், போடாதவர் எல்லோருக்கும் இது உண்டு. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இந்த ஊசியால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

இன்னொரு விஷயம். "எனக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டாச்சு, இனி ஜென்மத்துக்கும் வேண்டாம்" என்று சொல்லும் பெரியவர்களை வாரம் ஒருவராவது பார்த்திருக்கிறேன். நானும் அந்தப் பதினாலு ஊசிக்காரன்தான். 1974இல், புதுக்கோட்டையில் 3ஆம் வகுப்புப் படிக்கும்போது கடி. அப்பா தினமும் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். வயிறு தடித்துப்போய், அரைஞாண் கயிறு பட்டாலே உயிர் போகும். அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. 2004 முடிவோடு நம் நாட்டில் அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த 14ஐ இன்று கணக்கில் சேர்ப்பதில்லை. 2009இல் ஒரு நோயாளியின் வீட்டு வாசலில் நாய்க்குட்டி என் கையைப் பதம் பார்த்தபோது, "சாருக்குத்தான் சின்ன வயசிலேயே போட்டாச்சே" என்று எங்கள் செவிலியரே சிரித்தார். புதிதாகக் கடிபட்டவனைப் போலச் சீரத்தோடு முழுத் தவணையும் போட்டுக்கொண்டேன். சீரம் உள்ளே போகும்போது விரலில் ஏற்பட்ட வலிக்கு அந்த 14ஏ தேவலாம்.

ஆகவே எந்த ஊசி, எந்தத் தேதி, எத்தனை தவணை என்பதுதான் எல்லாம். நீங்கள் பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தீர்கள், டாக்டருக்கு வேலை சுலபமாயிற்று. சீட்டைத் தொலைத்தவர்கள் போட்ட இடத்திலேயே போய்ப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். ஆதாரம் கிடைக்காவிட்டால் முதலிலிருந்துதான். நான் என் சீட்டை ரேஷன் கார்டு உறையில் செருகி வைத்திருக்கிறேன். கைபேசியிலும் ஒரு படம்.

கேள்வி: எங்கள் வீட்டு நாய்க்கு வருடா வருடம் ஊசி போடுகிறோம். நேற்று விளையாடும்போது 5 வயதுப் பேரனை நகத்தால் கீறிவிட்டது. ரத்தம் இல்லை. பேரனுக்கு இதுவரை ஊசி போட்டதில்லை. விட்டுவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: விடக்கூடாது. நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் பேரனுக்குப் போட வேண்டும். ரத்தம் வராத கீறல் என்பதால் சீரம் தேவைப்படாது. தோலில் கீறலே இல்லாமல் வெறுமனே நக்கியிருந்தால் கழுவிவிட்டுச் சும்மா இருக்கலாம், இது அப்படியில்லை. நாயை 10 நாள் கண் பார்வையில் கட்டி வையுங்கள். அடிக்கவோ ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடவோ வேண்டாம். 10 நாளும் அது நன்றாகச் சாப்பிட்டு வாலாட்டிக்கொண்டிருந்தால் மிச்சத் தவணை வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். ஆனால் முதல் ஊசிக்கு அந்தப் 10 நாளைக் காத்திருக்காதீர்கள். இன்றே கூட்டிப்போங்கள், போட்ட பிறகு அந்தச் சீட்டை வாங்க மறக்காதீர்கள்.