பேசும் மணிக்கூடும் பேட்டன்டும்: கேட்டவையும் சொன்னவையும்

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்: டிக் ட்ரேசி சித்திரக் கதையில் 1946லேயே கையில் கட்டிய ரேடியோவில் பேசினார்களே, பிறகு ஸ்மார்ட் மணிக்கூட்டுக்கு எப்படி பேட்டன்ட், அதாவது புதுக் கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, கிடைக்கிறது?

மணிக்கூட்டில் பேசலாம் என்ற எண்ணத்துக்கு அல்ல, அன்டனாவை எங்கே வைப்பது, இரைச்சலை எப்படி வடிகட்டுவது என்று உரிமைக்கோரலில் எழுதிய வழிமுறைக்குத்தான் பேட்டன்ட். அந்தப் படத்தைப் பார்த்து யாரும் ரேடியோ செய்துவிட முடியாது. ஆனால் சாம்சங் 1999இல் கையில் கட்டும் போனையே வெளியிட்டது, அதில் இருந்ததைப் புதிதென்று பிறகு வருபவர் கோர முடியாது.

தெகிவளை அண்ணா ஒருவர்: இதயத்துடிப்புக் கருவி செய்யும் அமெரிக்க நிறுவனம் அலைவ்கோர், ஆப்பிள் தன் பேட்டன்டை மீறியதாகப் போட்ட வழக்கில் இரண்டு தீர்ப்பு வந்ததே, எது நின்றது?

2022 டிசம்பரில் அமெரிக்க பேட்டன்ட் மேன்முறையீட்டுச் சபை, மணிக்கூட்டில் இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் அலைவ்கோரின் மூன்று பேட்டன்டுகளும், முன்பே இருந்தவற்றைச் சேர்த்தால் துறை தெரிந்தவர் எட்டிவிடக்கூடியவை என்று செல்லாதாக்கியது. அதே மாதம் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணைக்குழு ஆப்பிள் மீறியதாகச் சொன்னது, ஆனால் ஆப்பிள் மணிக்கூட்டுக்கு விதித்த இறக்குமதித் தடையை மேன்முறையீடு முடியும்வரை நிறுத்தியும் வைத்தது. 2025 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சபையின் முடிவை உறுதி செய்தது. செல்லாத பேட்டன்டை யாரும் மீற முடியாது.

புறக்கோட்டைக் கடைக்காரர்: அமெரிக்க பேட்டன்ட் எங்கள் இறக்குமதியைப் பிடிக்குமா?

பிடிக்காது. இங்கே பதிவாகியிருக்கிறதா என்று தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பாருங்கள்.

மொரட்டுவை மாணவி: காது கேளாதவர்களுக்கு அதிர்வில் செய்தி சொல்லும் கைப்பட்டி செய்தோம். மூன்று மாதத்துக்கு முன் கண்காட்சியில் காட்டிவிட்டோம். இனி அது புதிதல்ல என்று பேட்டன்ட் எடுக்க முடியாதா?

முடியும் தங்கச்சி, இங்கே. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் நீங்களே காட்டியது உங்களுக்கு எதிராக நிற்காது. அமெரிக்காவிலும் ஓராண்டு உண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொதுச் சலுகை கிடையாது, இதைத் தெரியாமல் நல்ல கண்டுபிடிப்பைக் கைவிட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 ஜனவரியில் மேடையில் ஐபோனைக் காட்டினார், திரையில் படத்தைத் தள்ளினால் ஓரத்தில் துள்ளித் திரும்புமே, அந்த அசைவுக்கு விண்ணப்பம் போனது அதற்குப் பிறகு. 2013இல் ஜெர்மனியின் பேட்டன்ட் நீதிமன்றம் அந்த மேடை வீடியோவை வைத்தே ஆப்பிளின் பேட்டன்டை ரத்துச் செய்தது.

அதனால் இந்த மாதமே விண்ணப்பத்தைப் போடுங்கள். கண்காட்சித் திகதி தெரியும் அழைப்பிதழைப் பத்திரமாக வையுங்கள், அதுவரை புது வீடியோ எதுவும் போடாதீர்கள்.