வாசகர் கேள்வி பதில்: பாட்டியின் தாலாட்டில் எங்கிருந்து வந்தது இந்த 'ர்ர்ர்'?

கேள்வி: என் பாட்டி பாடிய தாலாட்டை எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பதிவு செய்தேன். பின்னால் கடல் இரைச்சல். அதைக் குறைக்கப் பைத்தானில் நானே ஒரு நிரல் எழுதினேன். 1024 சாம்பிளாக (ஒலியின் அளவீட்டுப் புள்ளிகளாக) வெட்டி, ஹான் விண்டோ போட்டு, எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) எடுத்து இரைச்சலைக் குறைத்து, திரும்ப ஒலியாக்கி, மறுபடியும் ஹான் போட்டு, பாதிக்குப் பாதி ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிச் சேர்க்கிறேன். இரைச்சல் குறைந்தது. ஆனால் குரலுக்கு அடியில் 'ர்ர்ர்' என்று ஒரு அதிர்வு கேட்கிறது. விண்டோவே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, வீராம்பட்டினம்

பதில்: விடவே கூடாதும்மா. ஏன் என்று நீங்களே பார்க்கலாம். நொடிக்கு 8000 சாம்பிள் வைத்து 400 சாம்பிள் வெட்டுங்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலி அதில் சரியாக 50 சுற்று அடங்கும், எஃப்எஃப்டியில் ஒரே கோடாக நிற்கும். 1010 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 50 சுற்றும் இன்னும் அரைச் சுற்றும் வரும், அந்த அரைச் சுற்று நடுவில் அறுபடுவதால் ஒரே ஒலி படம் முழுக்கச் சிதறிவிடும். துண்டின் இரண்டு ஓரத்தையும் மெல்லத் தாழ்த்தி பூஜ்யத்தில் கொண்டுபோய் விடுவதுதான் விண்டோவின் வேலை.

உங்கள் சிக்கல் விண்டோ போட்டதில் இல்லை, அதே ஹானை இரண்டு முறை போட்டதில் இருக்கிறது. காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 256-ஆவது சாம்பிளில் ஒரு துண்டின் ஹான் 0.5, அதன்மேல் ஏறும் அடுத்த துண்டின் ஹானும் 0.5. ஒரு முறை மட்டும் போட்டிருந்தால் கூட்டினால் 1, சரி. இரண்டு முறை போட்டால் ஒவ்வொன்றும் 0.25 ஆகிவிடும், கூட்டினால் 0.5 தான் வரும். துண்டின் நடுவிலோ 1 அப்படியே இருக்கும். அதாவது 512 சாம்பிளுக்கு ஒரு முறை ஒலி பாதியாக விழுந்து விழுந்து எழுகிறது. நீங்கள் 44100-இல் பதிவு செய்திருந்தால் நொடிக்கு 86 முறை. அந்த 'ர்ர்ர்' இதுதான்.

மருந்து ஒரு வரிதான். ஹானுக்கு வர்க்கமூலம் எடுத்து, அதை இரண்டு இடத்திலும் போடுங்கள். அப்போது 256-இல் 0.707, இரண்டு முறை பெருக்கினால் 0.5, இரண்டு துண்டும் சேர்ந்து 1. இதைத்தான் சைன் விண்டோ என்கிறார்கள், எம்பி3-க்குள் இருப்பதும் இந்த வடிவம்தான். ஹானையே இரண்டு முறை போடுவேன் என்றால் துண்டுகளை முக்கால் பங்கு ஏற்றி, கடைசியில் 1.5-ஆல் வகுக்க வேண்டும். அதுவும் சுத்தமாக வரும், ஆனால் எஃப்எஃப்டி எண்ணிக்கை இரட்டிப்பாகும். இரைச்சலை ரொம்ப அழுத்திக் குறைக்கிறீர்கள் என்றால் அந்தச் செலவு தகும், குரல் இன்னும் வழுவழுப்பாக வரும்.

அப்புறம், பைத்தானின் கணக்குத் தொகுப்பான நம்பையில் இருக்கும் ஹானிங் 1023-ஆல் வகுக்கிறது. நமக்கு வேண்டியது 1024. சைபை என்ற இன்னொரு தொகுப்பின் ஹானும் சும்மா விட்டால் அப்படித்தான், sym=False என்று கொடுத்தால் சரியாகத் தரும். இரைச்சல் குறைக்கும் பகுதியை நிறுத்திவிட்டு நிரலை ஒரு முறை ஓட்டி, வந்ததிலிருந்து மூலத்தைக் கழித்துப் பாருங்கள், முதல் அரைத் துண்டும் கடைசி அரைத் துண்டும் போக மீதி எல்லாம் பூஜ்யமாக வரவேண்டும். கடற்கரைச் சாலையில் நான் எடுத்த ஒரு பதிவில் இதே அதிர்வைக் கேட்டு மைக் கெட்டுவிட்டது என்று புது மைக் வாங்கினேன், இந்தக் கழித்தலை அன்றைக்கே செய்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பாட்டியின் மூலப் பதிவில் மட்டும் கை வைக்காமல் தனியே இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: அண்ணா, அப்பா படகு எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறார். எஞ்சின் சத்தத்தை வைத்து கோளாறு கண்டுபிடிக்க ஈஎஸ்பி32 என்ற சின்னச் சிப்பில் ஒரு கருவி செய்கிறேன். 1024 சாம்பிள், 8000 ஹெர்ட்ஸ். விண்டோ கணக்குப் போடவே நேரம் போய்விடுகிறது.
— ஐடிஐ மாணவர், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, ஒவ்வொரு துண்டுக்கும் விண்டோவுக்கான காஸ் (கொசைன்) கணக்கிடுகிறாய் போலிருக்கிறது. கருவி தொடங்கும்போது ஒரே ஒரு முறை கணக்கிட்டு அட்டவணையாக வைத்துக்கொள். அந்தச் சிப்பில் சிங்கிள் துல்லியத்துக்கு மட்டும்தான் வன்பொருள் இருக்கிறது, வெறும் காஸ் என்று எழுதினால் டபுள் துல்லியத்தில் போய் ஊர்ந்து நகரும், காஸ்எஃப் எழுது. வலது பாதி இடது பாதியின் பிம்பம்தான், அதனால் 1024-க்கு 513 எண் போதும். இன்னொரு வழியும் உண்டு: விண்டோ போடாமல் எஃப்எஃப்டி எடுத்துவிட்டு, உனக்கு வேண்டிய கட்டத்தின் (எஃப்எஃப்டி தரும் ஒரு அதிர்வெண் இடத்தின்) பாதியிலிருந்து இரு பக்கத்துக் கட்டங்களின் கால் பங்கைக் கழித்தால் அதுவே ஹான். பாதியும் காலும் முழு எண்ணில் வெறும் பிட் நகர்த்தல்தான், பெருக்கலே இல்லை. பத்து கட்டம் மட்டும் பார்க்கிற வேலைக்கு இது அருமையான வழி.

ஆனால் எனக்குக் கவலை வேறு. நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் நொடிக்கு 12.5 முறை வெடிக்கும், அதன் மடங்குகளெல்லாம் 12.5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்கும். உன் 1024-இல் ஒரு கட்டம் 7.8 ஹெர்ட்ஸ், ஹான் போட்டால் ஒவ்வொரு ஒலியும் படத்தில் எழுப்பும் நடு மேடு நான்கு கட்டம் அகலம், ஆக 31 ஹெர்ட்ஸ். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஹானால் இதைப் பிரிக்க முடியாது, துண்டை 4096 ஆக்கு, அரை நொடிதான். மேடு 7.8-க்குச் சுருங்கிவிடும். பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் பிளாக்மேன்-ஹாரிஸ் என்ற விண்டோ தரும் 92 டெசிபல் கசிவுக் குறைப்பு எல்லாம் உனக்குத் தேவைப்படாது, ஹானே போதும்.

கேள்வி: ஹானிங், ஹாமிங் என்ற விண்டோக்கள் இரண்டும் ஒன்றா?
— ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இல்லை. யூலியுஸ் ஃபான் ஹான் (1839–1921) ஆஸ்திரியாவின் வானிலை அறிஞர், புள்ளிவிவரத்தைக் கால், அரை, கால் என்று சேர்த்துச் சமன் செய்தவர். மேலே தம்பிக்குச் சொன்ன அதே எண்கள்தான். 'ஹானிங்' என்பது பின்னால் வந்த வழக்கு. ரிச்சர்டு ஹாமிங் பெல் ஆய்வகத்துக்காரர், ஹான் விண்டோவின் சூத்திரத்தில் 0.5, 0.5 என்று வரும் எண்கள் அவருடையதில் 0.54, 0.46. ஓரத்தில் பூஜ்யத்தைத் தொடாமல் 0.08-இல் நிற்கும். அதனால் பக்கத்துக் கசிவு (ஒரு ஒலி பக்கத்துக் கட்டங்களுக்குச் சிதறுவது) ஹானுக்கு 31 டெசிபல் கீழே என்றால் ஹாமிங்குக்கு 43 டெசிபல் கீழே போய்விடும். தூரம் போகப் போக ஹானின் கசிவு வேகமாகக் குறையும், ஹாமிங்கின் கசிவு அவ்வளவு வேகமாகக் குறையாது.