மொட்டை மாடி வானிலை நிலையம்: வெப்பநிலை சென்சார் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஸ்டீல் குழாய்க்குள் அடைத்த டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் வாங்கியிருக்கிறேன். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று ஒயர். ஈஎஸ்பி32 போர்டில் (வைஃபை உள்ள குட்டிக் கணினி) எதை எங்கே கொடுப்பது?

பதில்: வழக்கமாகச் சிவப்பு 3.3 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் டேட்டா. நிறம் மாறிய சரக்கும் வரும் தம்பி, விற்றவர் தந்த குறிப்பைப் பார்த்துவிட்டுக் கரண்ட் கொடுங்கள். தலைகீழாகக் கொடுத்தால் கை வைக்க முடியாதபடி சுடும். டேட்டாவுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம்.

கேள்வி: எனக்கு -127 காட்டுகிறது. சில சமயம் 85. சென்சார் போய்விட்டதா சார்?

பதில்: இரண்டுமே வெப்பநிலை இல்லை. -127 என்றால் சென்சாரிடமிருந்து பதிலே வரவில்லை என்று ஆர்டுயினோ லைப்ரரி (சென்சாரைப் படிக்கும் ரெடிமேட் புரோகிராம்) சொல்கிறது. ரெசிஸ்டரையும், பிரெட்போர்டில் (ஒயர் செருகும் துளைப் பலகை) ஒயர் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். 85 என்பது கரண்ட் வந்தவுடன் சென்சாருக்குள் இருக்கும் தொடக்க எண். 12 பிட்டில், அதாவது மிக நுணுக்கமாக, அளக்க அதற்கு 750 மில்லி செகண்ட் வரை வேண்டும். அவசரப்பட்டுப் படித்தால் 85தான் கிடைக்கும். நடுநடுவே வந்தால் கரண்ட் விட்டு விட்டு வருகிறது என்று அர்த்தம்.

கேள்வி: மதியம் என் மாடியில் 44 டிகிரி. செய்தியில் 37தான் சொன்னார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும்தான். அவர்கள் அளப்பது நிழலில் உள்ள காற்றை. நீங்கள் அளப்பது வெயிலில் காய்ந்த குழாயை. ராத்திரியில் இந்த வித்தியாசம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் சென்சார் மேல் தப்பில்லை.

வானிலை நிலையங்களில் கால் வைத்து நிற்கும் வெள்ளை மரப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டீவன்சன் பெட்டி என்பார்கள். அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர். சாய்வுப் பலகைகள் வெயிலைத் தடுக்கும், காற்றை விடும். நமக்கு ஐந்தாறு வெள்ளைப் பூந்தொட்டித் தட்டுகள் போதும். மேல் தட்டை விட்டுவிட்டு மற்றவற்றின் நடுவே ஓட்டை போட்டு, கவிழ்த்து, இரண்டு விரல் இடைவெளியில் அடுக்கி, ஓட்டைக்குள் சென்சாரைத் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரம். முடிந்தால் தோட்டத்தில் வையுங்கள். மாடித் தளம் சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விடாது.

போர்டையும் சென்சாரையும் ஒரே டப்பாவில் அடைக்காதீர்கள். நான் அடைத்தேன். வைஃபை சிப்பின் சூட்டைத்தான் ஒரு வாரம் ஊர் வெப்பநிலை என்று எழுதி வைத்திருந்தேன்.

கேள்வி: சென்சார் உண்மை சொல்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: ஐஸை நொறுக்கி டம்ளர் நிறைய போட்டு, இடுக்கு நிரம்பத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். உப்பு கூடாது. சென்சாரை நடுவில் விட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 0 காட்ட வேண்டும். அரை டிகிரி முன்னே பின்னே இருந்தால் இந்தச் சென்சாருக்கு அது சகஜம்தான். அந்த வித்தியாசத்தைப் புரோகிராமில் சரிசெய்துகொள்ளலாம்.

கேள்வி: ஒயர் 15 மீட்டர் இழுக்கணும்...

பதில்: நெட்வொர்க் கேபிள் எடுங்கள். டேட்டாவும் கிரவுண்டும் ஒரே முறுக்கு ஜோடியில் போகட்டும். அளவு சரியாக வராவிட்டால் ரெசிஸ்டரை 2.2 கிலோ ஓமுக்குக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: டிஎச்டி11 என்ற வேறொரு வெப்பநிலை சென்சார் சும்மா கிடக்கிறது. அதையே போடலாமா?

பதில்: 2 டிகிரி தப்பு பரவாயில்லை என்றால் போடுங்கள்.