கேள்வி – பதில்: சம்பளம் வாங்காத மாலுமிகள்

கேள்வி: அமெரிக்காவின் சான் டியேகோ கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்னும் 1863ஆம் ஆண்டுப் பாய்க்கப்பலைத் தன்னார்வலர்களே ஓட்டுகிறார்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கடலைத் தொழிலாகக் கொள்ளாதவர்களுக்கு அப்படி என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்? எங்கள் ஊர்த் தோணிகளில் சிறுவயதில் ஏறியவர்களுக்கே தொழில் பிடிபடப் பல ஆண்டுகள் ஆகும்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அந்தக் கப்பலில் எஞ்சின் கிடையாது. இழுவைப் படகு வெளியே கொண்டுபோய் விட்ட பிறகு, 205 அடி நீளமும் மூன்று பாய்மரங்களும் கொண்ட அந்த இரும்புக் கப்பலைக் காற்றும் கைகளும்தான் செலுத்தியாக வேண்டும். அது கடலுக்குச் செல்வதோ அரிதாகச் சில நாட்கள். ஆகவே பயிற்சியின் பெரும்பகுதி, கப்பல் துறையில் கட்டிக் கிடக்கும்போதே நடந்துவிடுகிறது.

படங்களில் மட்டும் பார்ப்பவர்கள், பாய்மரத்தின் உச்சிக்கு ஏறுவதுதான் பயிற்சி என்று எண்ணிக்கொள்வார்கள். முதற்பாடம் கயிறுதான். பாயைத் தாங்கும் குறுக்குமரமாகிய பருமலை மேலேற்றும் ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான், பாயைச் சுருட்டுவதற்காகத் தூக்கும் கயிறுகள், பருமலைக் காற்றுக்கேற்பத் திருப்பும் கயிறுகள் என்று ஒவ்வொரு பாய்க்கும் ஒரு கூட்டமே உண்டு. (ஆஞ்சானும் தாமானும் உங்கள் ஊர்த் தோணிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.) இவை எல்லாம் தளத்தின் ஓரத்தில் வரிசையாகச் செருகப்பட்ட முளைகளில் வந்து முடிகின்றன, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அந்த வரிசைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பொதுவாகக் கீழ்ப்பாய்களின் கயிறுகள் அணியத்தை நோக்கி முன்னாலும், மேற்பாய்களின் கயிறுகள் அவற்றுக்குப் பின்னாலும் அமையும். இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் பெரும்பாலும் அப்படியே. இந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது. பெயர்களை வெறுமனே மனப்பாடம் செய்தவர் அவசர நேரத்தில் திணறுவார். பயிற்றுநர் ஒரு பெயரைச் சொன்னதும் ஓடிப்போய் உரிய கயிற்றில் கை வைக்க வேண்டும் என்பது பாய்க்கப்பல்களில் வழக்கமான பயிற்சி விளையாட்டு. வயது வந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போல முட்டி மோதிக்கொண்டு ஓடுவது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அடுத்தது இழுப்பது. பலர் சேர்ந்து இழுத்த கயிற்றை ஒருவர் முளையில் சுற்றிக் கட்டும்போது, மற்றவர்கள் ‘கட்டியாயிற்று’ என்ற நினைப்பில் தாமாகவே கையை விட்டுவிட்டால், பாயின் இழுவிசை முழுவதும் அந்த ஒருவரின் விரல்களில் இறங்கும். ஆகையால் விடச் சொல்லும்வரை விடக்கூடாது. சொன்னதும் எல்லாரும் ஒருசேர விட வேண்டும். சொன்ன ஆணையை உரக்கத் திருப்பிச் சொல்லும் பழக்கமும் இங்கிருந்தே தொடங்குகிறது, ஏனெனில் காற்றின் இரைச்சலில் யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்பதை அறிய வேறு வழியில்லை.

ஏறுவது இவற்றுக்குப் பிறகுதான். காற்று உடலைக் கயிற்றோடு சேர்த்து அழுத்தும்படி, காற்று வரும் பக்கமாகவே ஏற வேண்டும். கையால் பிடிப்பது பாய்மரத்தைத் தாங்கும் தடித்த நெடுங்கயிறுகளை மட்டுமே. காலடிக்காகக் குறுக்கே கட்டிய மெல்லிய படிக்கயிறு எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகலாம் என்று கருதியே ஏறுவார்கள். மேலே சென்றதும் பருமலுக்குக் கீழே தொங்கும் ஒற்றைக் கயிற்றில் நின்றுகொண்டு பாயைச் சுருட்ட வேண்டும். புதிதாக ஒருவர் அந்தக் கயிற்றில் கால் வைத்தால் ஏற்கெனவே நிற்பவர்களின் கால்கள் சட்டென்று உயரும். எனவே கால் வைக்குமுன் குரல் கொடுப்பது கட்டாயம். இடுப்புப் பட்டையும் பிணைப்புக் கயிறும் இன்று உண்டு என்றாலும், இந்த ஒரு விதியை மறந்தவரை மறுபடி மேலே அனுப்ப எந்தப் பயிற்றுநருக்கும் மனம் வராது.

கேள்வி: சம்பளமும் இல்லை, தண்டனையும் இல்லை. பிறகு ஏன் ஒருவர் இன்னொருவரின் ஆணைக்குக் கட்டுப்பட வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சம்பளமும் தண்டனையும் இருந்த காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு இதே கப்பல்தான் சாட்சி. மான் தீவின் ராம்சியில் ‘யூட்டர்பீ’ என்ற பெயரில் கட்டப்பட்ட இது, கல்கத்தாவை நோக்கிய தன் முதற்பயணத்தில் வேல்ஸ் கரைக்கு அப்பால் வேறொரு கப்பலுடன் மோதியது. சேதமடைந்த கப்பலில் மேற்செல்ல மாட்டோம் என்று மாலுமிகள் மறுத்துவிட்டார்கள். அவர்களில் 17 பேர் சிறைக்குப் போனார்கள். இன்றைய தன்னார்வலர் ‘நான் மேலே ஏறவில்லை’ என்று சொல்லலாம், அதை யாரும் குறையாக எண்ண மாட்டார்கள். கயிற்றைப் பிடித்த பிறகு பாதியில் விடும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. தளத்தில் விவாதமும் இல்லை. ஐயம் இருந்தால் பயிற்சி முடிந்ததும் கேட்கலாம். ஆனால் ஆபத்தைக் கண்டவர் நேற்றுச் சேர்ந்தவரானாலும் ‘நிறுத்து’ என்று கத்தலாம், உடனே எல்லாரும் நிறுத்துவார்கள். பக்கத்தில் நிற்பவரின் விரல்கள் தம் பிடியை நம்பி இருக்கின்றன என்று ஒருமுறை உணர்ந்தவருக்கு வேறு தண்டனை தேவைப்படுவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: பெயரில் இந்தியா இருக்கிறதே, நம் பக்கத்துக் கடலோடு அதற்கு உண்மையில் தொடர்புண்டா?
– வாசகர், திருகோணமலை

பதில்: உங்கள் ஊருக்கே உண்டு. 1865இல் சென்னைக்கு அப்பால் வங்காள விரிகுடாவில் புயலில் அகப்பட்ட இந்தக் கப்பல், தன் பாய்மரங்களை வெட்டிக் கடலில் தள்ளிவிட்டுத் தத்தளித்தபடி திருகோணமலைக்குத்தான் வந்து சேர்ந்தது. பிறகு பழுதுபார்க்கக் கல்கத்தா சென்றது. அதன் முதல் கப்பல் தலைவர் ஸ்டோரி, இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் இறந்து கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்ற பெயரோ இந்தியப் பயணங்களால் வந்ததன்று. அலாஸ்காவின் சால்மன் மீன் தொழில் நிறுவனம் ஒன்று அதை வாங்கி, 1906இல் தன் மற்றக் கப்பல்களின் பெயர்வரிசைக்கு ஏற்பச் சூட்டியது. 1926இல் விற்கப்பட்டு, பின்னர் சான் டியேகோவுக்கு இழுத்து வரப்பட்டுப் பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த கப்பல், செப்பனிடப்பட்டு மீண்டும் பாய் விரித்தது 1976 ஜூலை 4 அன்று.

கேள்வி: எனக்கு வயது 63. உயரத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். எனக்கும் அங்கே வேலை இருக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாக. தளத்தில் கயிறு இழுப்பவர்களின்றி மேலே இருப்பவர்களால் எதுவும் செய்ய இயலாது; ஆஞ்சான் இழுக்கும் வரிசையில் உடல் எடை கூடியவர்களுக்குத் தனி மரியாதையே உண்டு. ஒவ்வொரு பயிற்சிக்கும் மதுரையிலிருந்து சான் டியேகோவுக்குப் போய்வருவது எப்படி என்பதைத்தான் நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும்.