டால்பினுக்கு மீன் கொடுக்கப் போகும் முன் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: பெருந்துறையிலிருந்து எழுதுகிறேன். காலாண்டுத் தேர்வு லீவில் அபுதாபியில் இருக்கும் சீவேர்ல்டு கடல் உயிரினப் பூங்காவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். மகள் எட்டாவது, மகன் ஒன்றாவது படிக்கிறார்கள். என் மாமியாரும் வருகிறார். டால்பினுக்குத் தன் கையால் மீன் கொடுக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. ஈரோட்டில் ஒரு ஏஜென்ட் "டால்பின் ஃபீடிங் சேர்த்துத்தான் பேக்கேஜ்" என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பணமும் கட்டினால்தான் இந்த ரேட்டாம். கட்டலாமா? புரட்டாசி மாசத்தில் மீனைத் தொடுவதா என்று மாமியார் வேறு கேட்கிறார்.

பதில்: கட்டாதீங்க, அம்மிணி. வெள்ளிக்கிழமையும் கட்டாதீங்க, திங்கட்கிழமையும் கட்டாதீங்க. பூங்காவின் பெயரில் வரும் உறுதிச் சீட்டு, பெயர் சரியாக இருக்கும் பாஸ்போர்ட், இந்த இரண்டும் கைக்கு வந்த பிறகு கட்டலாம்.

விமான டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறும், அது உண்மைதான். அந்தப் பயம் இருந்தால், பாஸ்போர்ட்டைப் பார்த்த பிறகு டிக்கெட்டுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும். "இந்த ரேட் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்" என்பதை இருபது வருஷமாக இந்தத் தொழிலில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே ரேட்தான் இருக்கும். அவருக்கு அந்த வாரம் கைமாற்றுக்குப் பணம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

முதலில் டால்பின். "டால்பின் சேர்த்து" என்ற சொல்லுக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. பூங்காவுக்குள் நுழையும் சாதா டிக்கெட்டிலேயே டால்பினைப் பார்த்துவிடலாம். கண்ணாடி வழியாகப் பார்ப்பது, நிகழ்ச்சி பார்ப்பது இதில் அடங்கும். அதற்கு மேலே பணம் கட்டி, சின்னக் குழுவாக, ஒரு பயிற்சியாளரோடு தண்ணீர் ஓரமாக நின்றோ இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியோ டால்பினைத் தொட்டுப் பார்ப்பது இன்னொன்று. இந்த மாதிரிப் பூங்காக்களில் இதைத்தான் "என்கவுண்டர்" என்பார்கள். நம்ம ஊர் போலீஸ் என்கவுண்டர் இல்லை, பயப்பட வேண்டாம். மூன்றாவது, உங்கள் பையன் கேட்கிற விஷயம்: கையில் மீனைக் கொடுத்துப் போடச் சொல்வது. என்கவுண்டருக்குப் பணம் கட்டினால் மீன் கொடுப்பதும் அதில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஏஜென்ட் விற்பது பெரும்பாலும் முதலாவது. வாங்குகிறவர்கள் நினைப்பது மூன்றாவது.

அதனால் ஏஜென்டிடம் இப்படிக் கேளுங்கள்: "என் பையன் கையில மீனைக் கொடுப்பாங்களா? எந்தத் தேதி, எத்தனை மணிக்கு?" மணி சொல்ல முடியவில்லை என்றால் அவர் எதையும் பதிவு செய்யவில்லை. வாட்ஸ்அப்பில் டால்பின் படம் போட்டு மேலே உங்கள் பெயரை டைப் அடித்து அனுப்புவது வவுச்சர் ஆகாது. பூங்காவின் பெயரில் வரும் உறுதிச் சீட்டில் தேதி, நேரம், எத்தனை பேர், பதிவு எண் எல்லாம் இருக்கும். அந்த எண்ணைப் போட்டு நீங்களே பூங்காவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, மீன் கொடுப்பது உண்டா என்று கேளுங்கள். கூடவே பையனின் வயதையும் உயரத்தையும் எழுதிவிடுங்கள். செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி அளந்து எழுதுங்கள். ஒன்றாவது படிக்கிற பிள்ளைகள் பல இடங்களில் இந்த உயரக் கோட்டில்தான் மாட்டுவார்கள். அங்கே போய், ஒரு இஞ்ச் குறைகிறது என்று வெளியே நிறுத்தினால் அந்த அழுகையை யார் சமாளிப்பது?

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று தோன்றலாம். ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஆர்லாண்டோ சீவேர்ல்டில் காகிதத் தட்டில் மீனை வைத்து விற்பார்கள். வாங்கி நீங்களே குளத்தோரம் நின்று போடலாம். 2012இல் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று, மீன் தீர்ந்த பிறகு காலித் தட்டை மேலே தூக்கிப் பிடித்தது. டால்பின் தட்டில் இன்னும் மீன் இருக்கிறது என்று தாவி, தட்டோடு சேர்த்துக் கையையும் கவ்விவிட்டது. பிற்பாடு அங்கே தட்டு விற்பதையே நிறுத்திவிட்டார்கள். டால்பின் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அதன் முகம் சிரிக்கிற மாதிரி இருப்பது தாடையின் அமைப்பு. அது சிரிக்கவில்லை. வாயில் எண்பது தொண்ணூறு பல் இருக்கும், எல்லாம் கூம்பு மாதிரி. மெல்லுவதற்கு அல்ல, பிடிப்பதற்கு. மீனை முழுசாகத்தான் விழுங்கும்.

பையனுக்கு இதை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். மீன் உயிரோடு இருக்காது. உறைய வைத்து, பிறகு பதமாக இளக வைத்த மீன். நம்ம மத்திக்கு உறவுக்கார மீனான ஹெர்ரிங், இல்லையென்றால் கேப்லின் என்கிற சின்னக் கடல் மீன் மாதிரி. வாலைப் பிடித்துக்கொண்டு தலை முதலில் போகும்படி கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுத்தால் துடுப்பும் செதிலும் தொண்டையைக் கீறும். விரலை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, மீனைக் காட்டிவிட்டுப் பின்னால் இழுத்து விளையாடவும் கூடாது. தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டச் சொல்வார்கள். செவுளுக்குள் வெள்ளையாக ஒரு மாத்திரை தெரிந்தால் "அம்மா, விஷம்" என்று கத்த வேண்டாம். உறைய வைத்த மீனில் பி1 வைட்டமின் அழிந்துபோகும். அதை ஈடுகட்டத்தான் மாத்திரையைச் செவுளில் செருகிக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லி வையுங்கள், இரண்டு மூன்று மீன்தான் கிடைக்கும். டால்பின் ஒரு நாளைக்குத் தன் எடையில் நூற்றுக்கு நாலைந்து பங்கு சாப்பிடும். 200 கிலோ டால்பினுக்கு 8 முதல் 10 கிலோ மீன். அந்த 10 கிலோவை எடை போட்டு, வாளி வாளியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். உங்கள் பையன் கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. கூடக் கொஞ்சம் காசு தருகிறேன், இன்னும் நாலு மீன் கொடுங்கள் என்று அங்கே கேட்க முடியாது. கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் நம்ம ஊரிலேயே இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. டால்பின் காட்சிக்கூடம் நடத்த அனுமதி இல்லை என்று 2013 மே மாதமே மத்திய அரசு சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் சென்னைப் பக்கம் ஒரு இடத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களிலேயே செத்துப்போன கதையும் உண்டு. அதனால் இந்தியாவுக்குள் "டால்பின் ஃபீடிங்" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

சரி, இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத விஷயம் இது. ஐந்து பாஸ்போர்ட்டையும் எடுத்து, பெயர் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்து, பெயர் கட்டத்தில் ஒரே ஒரு சொல் மட்டும் நின்றால், அந்தப் பாஸ்போர்ட்டோடு அமீரகத்துக்குச் சுற்றுலா விசாவில் போக முடியாது. 2022 நவம்பரில் வந்த விதி. நம்ம பக்கம் இனிஷியல் போட்டே வாழ்ந்த சனம். பாஸ்போர்ட்டில் இனிஷியலைச் சுருக்கமாகப் போடவும் விடமாட்டார்கள், விரித்து எழுத நமக்கும் தோன்றாது. விளைவு, வெறும் "துளசிமணி" என்று மட்டும் நிற்கும். உங்கள் மாமியார் பாஸ்போர்ட் அப்படி இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்று சொல்வார்கள். "என் மச்சான் ஒற்றைப் பெயரோடுதானே துபாய் போய்ட்டு வர்றான்" என்பார் ஏஜென்ட். மச்சான் அங்கே வேலை விசாவில், குடியிருப்பு அனுமதியோடு இருக்கிறார். அவர்களுக்கு விலக்கு உண்டு, அதுவும் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் நிரப்பியிருந்தால். அது மச்சானுக்குப் பொருந்தும், அவரைப் பார்க்கப் போகிற அம்மாவுக்குப் பொருந்தாது. அப்புறம் இன்னொரு விளக்கம் வந்தது: பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று. இதைக் கேட்டதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள், ஏனென்றால் நம்ம பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த விளக்கம், அங்கே இறங்கிய பிறகு விசா வாங்கத் தகுதி உள்ளவர்களை வைத்துச் சொன்னது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க விசாவோ பிரிட்டன் விசாவோ கையில் வைத்திருக்கிறவர்களுக்கான கதை அது. உங்கள் மாமியாருக்கு அது இருக்காது. இருந்தாலும்கூட, விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கு இந்த விளக்கம் தெரிந்திருக்க வேண்டுமே. தெரியவில்லை என்றால் போர்டிங் பாஸ் தர மாட்டார். அங்கே நின்று சுற்றறிக்கையை வாசித்துக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. கோபிப் பக்கம் ஒரு குடும்பம், பீளமேடு விமான நிலையத்தில் நாலு பேர் உள்ளே போய்விட்டார்கள், அப்பத்தா மட்டும் கவுண்டரில் நின்றுவிட்டார். மகனும் திரும்பி வந்தார். டிக்கெட் பணம் போனது போனதுதான். விசா எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் போனை எடுக்கவே இல்லை.

ஒற்றைப் பெயர் என்றால் பாஸ்போர்ட் சேவா தளத்தில் மறுவழங்கலுக்கு விண்ணப்பித்து, குடும்பப் பெயர் கட்டத்தில் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ சேர்த்துவிடுங்கள். போலீஸ் விசாரணை, திரும்ப ஒரு அப்பாயின்ட்மென்ட் என்று நாள் எடுக்கும். ஒரு சொல்லை ஒரு கட்டத்தில் சேர்க்க இவ்வளவு அலைச்சலா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. படிவம் நிரப்பும்போதே அந்தக் கட்டத்தைக் காலியாக விடவேண்டாம் என்று கவுண்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காது. பிள்ளைகள் பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியையும் அப்படியே பார்த்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் வயதில் ஐந்து வருஷம்தான் செல்லும். கிளம்பும் நாளில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.

பணம். பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு தொகை சேர்த்து வாங்குவார்கள். அது ஏஜென்டுக்குப் போகிற காசு இல்லை, உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டுகிற காசு, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சில ஏஜென்டுகள் அதை வாங்கித் தங்கள் பையில் போட்டுக்கொள்கிறார்கள். சில மாதம் கழித்து வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் கட்டிய வரிகளின் பட்டியலை (26ஏஎஸ் படிவம் என்பார்கள்) திறந்து பாருங்கள், அந்தத் தொகை இருக்கிறதா என்று. விமானமும் ஓட்டலும் தனித்தனியாக நீங்களே பதிவு செய்தால் இந்தத் தலைவலியே கிடையாது. நம்ம நாட்டில் டூர் ஏஜென்ட் என்று போர்டு மாட்டச் சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் கட்டாயம் இல்லை. டீக்கடைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், லட்சக்கணக்கில் முன்பணம் வாங்கும் கடைக்கு அந்த அளவுகூட இல்லை.

விமானம் பற்றியும் ஒரு வார்த்தை. கோவையிலிருந்து அபுதாபிக்கு நேரடி விமானம் 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள், ஷார்ஜாவுக்கு அதற்கு முன்பே உண்டு. ஏஜென்ட் கொச்சி வழி, சென்னை வழி என்று சுற்றவிட்டால் ஏன் என்று கேளுங்கள். டிக்கெட் என்று அனுப்பியதும் அந்த பிஎன்ஆர் எண்ணை விமான நிறுவனத்தின் தளத்திலேயே போட்டுப் பாருங்கள். வெறுமனே பிடித்து வைத்திருக்கும் பதிவும் பணம் கட்டிய டிக்கெட்டும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

செப்டம்பர் கடைசியில் அங்கே வெயில் நம்ம கத்திரி மாதிரி. ஆனால் அந்தப் பூங்கா பெரும்பாலும் கூரைக்குள், ஏசியில் இருப்பதால் வயதானவர்களுக்குச் சிரமம் இல்லை. டால்பின் பக்கம் போகும்போது வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றச் சொல்வார்கள். தோலைக் கீறும், விழுந்தால் விழுங்கிவிடும். தாலிக்கொடி கழற்ற மாட்டேன் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் பிள்ளைகளை அப்பாவோடு அனுப்பிவிட்டு நீங்கள் கரையில் நின்று போட்டோ எடுங்கள். கரையில் நிற்கவும் சில இடங்களில் தனி டிக்கெட் உண்டு, அதையும் அந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

மாமியார் கேட்டதற்கு வருகிறேன். டால்பினுக்குப் புரட்டாசி கிடையாது, அது மீன், கணவாய் மாதிரிக் கடல் உயிர்களைத்தான் தின்னும். உடம்புக்குத் தேவையான தண்ணீர்கூட அதற்குப் பெரும்பாலும் அந்த இரையிலிருந்துதான் கிடைக்கிறது. விரதம் சாப்பிடுவதற்கா தொடுவதற்குமா என்பது உங்கள் வீட்டு வழக்கம், நான் தலையிட மாட்டேன். அவர் தொட வேண்டிய அவசியமே இல்லை, தள்ளி நின்று பார்க்கட்டும். பேரன் கை கழுவிவிட்டு வரட்டும். ஆனால் அவர் பெட்டியில் என்ன வைக்கிறார் என்று நீங்கள் பார்க்க வேண்டும். அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். நம்ம வீட்டுக் குருமாப் பொடியில் அது இருக்கும், தனியாகத் தெரியாது. பொடி டப்பாவை எல்லாம் அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.